நுணாவும் நோனியும்: வாதநோய் உணவு நெறியில் ஒரு பெயர் வரலாறு

முன்னுரை

உணவே மருந்து என்னும் கருத்துத் தமிழர் வாழ்வியலில் நெடுங்காலமாக வேரூன்றியது. மூட்டுவலி, இடுப்புவலி, வீக்கம் முதலிய நாட்பட்ட நோய்களை வாதம் என்னும் பொதுப்பெயரால் சுட்டி, அவற்றிற்கு முதலில் உணவையும் பின்னர் மருந்தையும் வகுத்த மரபு இது. அண்மைக் காலத்தில் இம்மரபின் பெயரால் ஒரு பழச்சாறு பெருவழக்குப் பெற்றுள்ளது. நோனி எனப்படும் அப்பழத்தை விற்போர் அது தமிழரின் நுணாவே என்றும், சங்கப் புலவர் பாடிய மரமே என்றும், சித்தர் நூல்கள் வாதத்திற்குக் கூறிய மருந்தே என்றும் எடுத்துரைக்கின்றனர். இம்மூன்று கூற்றுகளும் இலக்கியச் சான்றுகளைத் துணைக்கு அழைப்பன. எனவே அவற்றைச் சோதிக்கும் கடமை மருத்துவர்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரியதாகிறது.

நோனி மரம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கடற்கரைகளில் இயல்பாக வளர்வது. அத்தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஹேடோ இவ்வாய்வுக்கு இருவகையில் இன்றியமையாத இடமாகும். சென்னையிலிருந்து செல்லும் பயணியர் கப்பல்கள் அணையும் துறை ஹேடோவில் உள்ளது. இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் அந்தமான் நிக்கோபார் வட்டார மையமும் அங்கேயே அமைந்துள்ளது. தமிழ்ச் சொற்கள் கரையேறிய துறையும், மரங்களின் பெயர் உறுதிசெய்யப்படும் உலர்தாவரத் தொகுப்பும் ஓரூரில் இருப்பதை இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். நுணா என்னும் சொல் சங்க காலம் முதல் இன்றுவரை எவ்வெப்பொருளில் வழங்கியது, அதற்கும் வாதநோய் உணவு நெறிக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாதமும் உணவும்

நோய்க்குக் காரணம் வளி முதலிய மூன்றும் மிகுதலோ குறைதலோ ஆகும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் (அதிகாரம் 95) தரும் கொள்கை. அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசாமல் உணவைப் பற்றியே பேசுவது குறிப்பிடத்தக்கது. முன் உண்டது செரித்தபின் உண்ணல், அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லாத உணவைத் தேர்தல் ஆகிய மூன்றும் அங்கு வற்புறுத்தப்பெறுகின்றன. எந்த ஒரு தனி உணவுப் பொருளின் பெயரும் அவ்வதிகாரத்தில் இடம்பெறவில்லை. நோய் தீர்க்கும் ஆற்றல் பொருளில் உள்ளதாகக் கூறாமல், உண்ணும் முறையில் உள்ளதாக வள்ளுவர் கொண்டார் என்பது இதனால் பெறப்படும்.

பிற்காலத்தெழுந்த சித்த மருத்துவ நூல்கள் இக்கொள்கையை விரித்தன. யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாதநோயை 80 வகையாகப் பகுக்கிறது. மூட்டுகளைப் பற்றிய கீல்வாயு தனியே வகைப்படுத்தப்பெறுகிறது. புளிப்பும் துவர்ப்பும் மிக்க உணவு வாதத்தைப் பெருக்கும் என்பது இந்நூல்களின் பொதுத் துணிபு. ஆதலின் வாதநோயாளிக்கு வகுக்கப்பெறும் பத்தியத்தில் புளி முதலிடத்தில் விலக்கப்படுகிறது. தேரையர் பெயரோடு இணைந்த நூல்களும் பதார்த்த குண சிந்தாமணியும் கீரை, காய், பயறு, மீன், ஊன், நீர் என ஒவ்வொரு பொருளின் குணத்தையும் தனித்தனியே கூறுகின்றன. உணவு குறித்த இத்துணை நுணுக்கமான பட்டியல் வேறு துறைத் தமிழ் நூல்களில் காண்டற்கரியது.

மக்கள் வழக்கிலோ உணவின் பெயரே மருத்துவக் குறிப்பாக அமைந்துவிடுவதுண்டு. முடக்கறுத்தான் என்னும் கொடியின் பெயர் முடக்கு நோயை அறுப்பது எனப் பொருள்படும். அது முடக்கத்தான் எனத் திரிந்து இன்றும் தோசை மாவில் கலக்கும் கீரையாக வழங்குகிறது. தழுதாழைக்கு வாதமடக்கி என்பது மறுபெயர். வாதநாராயணன் கீரையின் பெயரும் இவ்வகையினதே. வலியைப் போக்கும் என மக்கள் நம்பிய செடிகளுக்கு அந்நம்பிக்கையையே பெயராக்கினர். இவ்வரிசையில் நுணா இடம்பெறவில்லை. நுணா, நுணவு, நுணவம் ஆகிய வடிவங்களில் நோயையோ வலியையோ சுட்டும் கூறு எதுவும் இல்லை. அதன் மற்றொரு பெயராகிய மஞ்சணத்தி, உள்மரத்தின் மஞ்சள் நிறத்தால் அமைந்தது. வாதநோய்க்குரிய தலையாய மருந்தாக மக்கள் அம்மரத்தைக் கருதியிருப்பின், பெயரில் அதன் சுவடு தென்பட்டிருக்க வாய்ப்புண்டு. இதனை முடிந்த சான்றாகக் கொள்ளவியலாது எனினும், ஆய்வைத் தூண்டும் குறிப்பாகக் கொள்ளலாம்.

சங்க இலக்கியத்தில் நுணவு

சங்க இலக்கியத்தில் நுணவு பயிலும் இடங்கள் சிலவே. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், இளவேனிற்பத்தில், தலைவன் வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டமைக்கு அடையாளமாக அம்மரம் பூத்து மணப்பது கூறப்படுகிறது. கரிய அடிமரமும் பெரிய கிளையும் வண்டு மொய்க்கும் பூவும் உடையதாக அது வருணிக்கப்பெறுகிறது. சிறுபாணாற்றுப்படையில் உமணரொடு தொடர்புடைய பகுதியில், நுணா மரத்துண்டினை உளியால் கடைந்து செய்த அணி பேசப்படுகிறது.

இவ்விடங்களிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, நுணவு உள்நாட்டு மரம். வறண்ட நிலத்து வழிகளிலும் இளவேனிலிலும் வைத்துப் பாடப்பெற்றது. இரண்டு, புலவர் கண்ணிற்பட்டவை அதன் பூவும் மரமும் ஆகும். பழம் உணவாகவோ மருந்தாகவோ இவ்விடங்களில் பேசப்படவில்லை. மூன்று, நெய்தல் நிலத்துக் கடற்கரை மரங்களாகிய புன்னை, தாழை, ஞாழல் ஆகியவற்றின் வரிசையில் அது வைக்கப்பெறவில்லை. நோனியோ கடற்கரையைத் தன் இயல்பான வாழிடமாகக் கொண்டது. அதன் விதையில் காற்றறை ஒன்று உண்டு. அதனால் விதை கடல்நீரில் நெடுநாள் மிதந்து, முளைக்கும் திறன் கெடாமல் தொலைவான கரைகளைச் சென்றடையும். சங்கப் பாடல் காட்டும் நுணவும் அந்தமான் கரையின் நோனியும் ஒன்றெனக் கொள்வதற்கு இத்திணை வேறுபாடு பெருந்தடையாகும்.

பெயர் ஒன்று, மரம் இரண்டு

தாவரவியலார் கூற்று இத்தடையை மேலும் வலியுறுத்துகிறது. மொரிண்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை. உள்நாட்டு வயல்வரப்பிலும் புறம்போக்கிலும் ஊர்தோறும் காணப்படுவது மொரிண்டா கோரியா. பழைய நூல்களில் மொரிண்டா டிங்டோரியா என்ற பெயராலும் இது குறிக்கப்பெறும். நோனி எனப்படுவது மொரிண்டா சிட்ரிஃபோலியா. 1753இல் லின்னேயசு இப்பெயரை வழங்கினார். மொரிண்டா என்பது இந்திய முசுக்கொட்டை எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். சிட்ரிஃபோலியா என்பது எலுமிச்சை இனத்தின் இலை போன்ற இலையுடையது எனப் பொருள்படும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்த நுண்ணோக்கி தேவையில்லை. தமிழக ஊர்ப்புறத்தில் சிறுவர் பறித்துத் தின்னும் நுணாப்பழம் சிறியது, பழுத்தபின் கறுத்து, நாவில் கறை படியச் செய்வது, இனிப்புடையது. நோனிப்பழம் உருளைக்கிழங்கு அளவு பெரியது. பழுத்தபின் வெளிறி வெண்மஞ்சளாகிக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். மூக்கைத் துளைக்கும் கெட்ட நாற்றமுடையது. ஹெக்சனாயிக் அமிலம், ஆக்டனாயிக் அமிலம் முதலியன அந்நாற்றத்திற்குக் காரணம். நுணாப்பழம் தின்ற ஒருவர் நோனிப்பழத்தைக் கண்டு அதுவே இது எனக் கூறார். நூலறிவு தடுமாறும் இடத்தில் நாவறிவு தெளிவாக உள்ளது.

பெயர்க் குழப்பத்திற்கு முன்னெடுத்துக்காட்டு ஒன்று அண்டை மொழியிலேயே உண்டு. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில் வான் ரீடு இம்மரத்தைக் கடப்பிலாவு என்னும் மலையாளப் பெயரால் பதிவு செய்தார். இன்றைய கேரளத்தில் அப்பெயரின் மரூஉவாகிய கடப்பிலாவு, கடப்ளாவு என்பன பசிபிக் தீவுகளிலிருந்து வந்த ஈரப்பலாவைக் குறிக்கின்றன. மரம் இருந்த இடத்திலேயே இருக்க, பெயர் வேறொரு மரத்திற்குக் குடிபெயர்ந்தது. பெயரொற்றுமையை மட்டும் கொண்டு ரீடின் நூலைப் படிக்கும் ஒருவர் ஈரப்பலாவின் குணத்தை நோனியின்மேல் ஏற்றவும், நோனியின் குணத்தை ஈரப்பலாவின்மேல் ஏற்றவும் கூடும். நுணா என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் இதுவே நேர்ந்துள்ளது.

ஹேடோவும் தீவுப் பெயர்களும்

அந்தமான் தாவரங்களை முறையாகப் பதிவு செய்யும் பணி, 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பெற்ற சில ஆண்டுகளில் தொடங்கியது. கல்கத்தா உலர்தாவரக் காப்பாளரான சுல்பிசு குர்சு 1866இல் அத்தீவுகளுக்குச் சென்று ஆய்ந்தார். பார்க்கின்சன் எழுதிய அந்தமான் வனத்தாவர நூல் 1923இல் வெளிவந்தது. 1972இல் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் வட்டார மையம் தொடங்கப்பெற்றபின், ஹேடோ இத்துறையின் தலைமையிடமாயிற்று. உலர்த்தி ஒட்டிய தாவரக் கிளையும், அது பறிக்கப்பட்ட இடமும் நாளும், தாவரவியற் பெயரும் ஒருங்கே வைக்கப்பெறும் உலர்தாவரத் தாள், பெயராய்வாளர்க்குக் கல்வெட்டை ஒத்த சான்றாகும். இன்ன மரத்தைத்தான் இன்ன பெயர் குறித்தது எனக் காட்டும் உறுதி அதற்கே உண்டு.

தீவுகளில் நோனிக்கு வழங்கும் பெயர்கள் பலவாகும். நிக்கோபாரியர் லோராங் என்பர். குடியேறியோரிடையே பர்மாப்பழம், சுராங்கி முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் சுராங்கி என்பது வரலாற்றுச் செய்தி பொதிந்தது. இந்தியாவின் மேற்கு, நடுப் பகுதிகளில் மொரிண்டா வேரிலிருந்து எடுத்த செஞ்சாயத்தின் வணிகப் பெயர் சுராஞ்சி. ஆல் என்பது அச்சாயத்தின் மற்றொரு பெயர். சாயப்பெயருக்கும் தீவுப்பெயருக்கும் உள்ள ஒலியொப்புமை வெளிப்படை. பிறந்த மண்ணில் சாயமரமாக அறிந்திருந்த மரத்தின் பெயரைக் குடியேறியோர் தீவில் கண்ட மரத்திற்கு இட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

தமிழரும் அவ்வாறே தம் சொற்களுடன் அங்குச் சென்றனர். சென்னை மாகாணத்திலிருந்து கைதிகளாகவும், பின்னர்த் தொழிலாளராகவும் வணிகராகவும் அரசுப் பணியாளராகவும் சென்றோர் பலர். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் நிக்கோபார்த் தொகுதியின் கச்சல் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படித் தீவுகளின் ஏறத்தாழ 3.8 லட்சம் மக்களுள் 15 விழுக்காட்டளவினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். நுணாவை அறிந்த இம்மக்கள் அதனை ஒத்த இலையும் முடிச்சு முடிச்சான காயும் உடைய தீவு மரத்தை அப்பெயராலேயே அழைப்பது இயல்பு. குடியேற்ற மொழியில் இது பிழையாகாது. ஒப்புமையால் பெயரிடல் எல்லா மொழியிலும் உண்டு. அப்பெயரின் வழியே பழைய நூலின் மருத்துவ அதிகாரத்தையும் புதிய மரத்திற்கு மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது.

மருத்துவ நூல்களில் நுணா: அகமும் புறமும்

சித்த மருத்துவத்திலும் நாட்டு மருத்துவத்திலும் நுணாவுக்கு இடமுண்டு. அதன் இலைச்சாறு குழந்தைகளுக்கு உண்டாகும் மாந்தத்திற்குப் பிற மூலிகைகளோடு சேர்த்துத் தரப்பெறும். காயை உப்புடன் சேர்த்துச் சுட்டுப் பொடித்துப் பல் துலக்கினால் ஈறில் குருதி வடிதல் நிற்கும் என்பது பரவலான வழக்கு. இலைச்சாற்றைப் புண்ணுக்குப் பூசுவதும் உண்டு. மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் மொரிண்டா இனத்து இலையை வாட்டி அல்லது வதக்கிக் கட்டுவது இந்தியாவில் மட்டுமன்றித் தென்கிழக்காசியா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களிலும் காணப்படும் வழக்கமாகும்.

இங்குச் சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பகுப்பு ஒன்றை நினைவுகூர்தல் தகும். அம்மருத்துவம் மருந்து வடிவங்களை அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பிரிக்கும். சாறு, குடிநீர், சூரணம், இளகம் முதலியன அகமருந்து. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு முதலியன புறமருந்து. வலிக்குரிய நுணாவின் பயன்பாடு பெரும்பான்மையும் கட்டு, பூச்சு என்னும் புறமருந்து வகையில் அடங்குகிறது. உள்ளுக்குத் தரப்பெற்ற வழக்கோ வேறு நோய்களுக்கு, வேறு உறுப்பிலிருந்து, சிறு அளவில் அமைந்தது. நாட்பட்ட மூட்டுவலிக்கு நாள்தோறும் பழச்சாறு பருகுதல் என்னும் முறை இவ்விரண்டிலும் அடங்காதது. இலை பழமாகவும், புறம் அகமாகவும், சில நாள் மருந்து பல மாத உணவாகவும் மாறியுள்ளன. மரபு என்ற பெயரில் முன்வைக்கப்படுவது மரபின் மூன்று வரம்புகளையும் கடந்து நிற்கிறது.

சாயவேரிலிருந்து பழச்சாறு வரை

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை இந்தியாவில் மொரிண்டாவின் பொருளாதார மதிப்பு வேரில் இருந்தது. 1868இல் செருமானிய வேதியியலார் கிரேபே, லீபெர்மன் இருவரும் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். அதன் பின்னர் வேர்ச்சாயங்களின் சந்தை படிப்படியாக வீழ்ந்தது. சாயமரம் என்னும் நினைவு தேய்ந்தபின், ஒரு நூற்றாண்டு கழித்து அதே மரம் பழத்தின் பெயரால் மீண்டும் சந்தைக்கு வந்தது.

ஹவாயில் அன்னாசி நொதிகளை ஆய்ந்த ரால்ஃப் ஹைனிக்கே 1985இல் நோனியில் செரோனின் என்னும் பொருளின் முன்மூலம் உள்ளதெனவும், உடலின் பல நோய்களை அது தீர்க்குமெனவும் எழுதினார். அப்பொருளின் வேதியமைப்பு அறிவியலுலகம் ஏற்கும் வகையில் நிறுவப்பெறவில்லை. எனினும் 1996 முதல் நோனிச்சாறு பலநிலை விற்பனை முறையில் உலகெங்கும் பரவியது. 1998இல் அமெரிக்காவின் சில மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள், சான்றில்லாத நோய்தீர்க்கும் உரிமைகோரல்களை விற்பனையாளர் கைவிடுமாறு உடன்பாடு பெற்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் நோனிச்சாற்றைப் புது உணவாக விற்க இசைவளித்தது. அதற்குமுன் 2002 திசம்பரில் அதன் அறிவியற் குழு, பிற பழச்சாறுகளைக் காட்டிலும் நோனிச்சாற்றுக்குச் சிறப்பான நலப்பயன் உண்டெனக் காட்டும் சான்று இல்லை எனத் தெரிவித்திருந்தது. உணவு என்னும் தகுதி வழங்கப்பட்டது. மருந்து என்னும் தகுதி வழங்கப்படவில்லை.

அந்தமானில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (நிறுவப்பெற்றது 1978, பின்னர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) நோனியைத் தீவுப் பயிராக ஆய்ந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் உவர்நீர் புகுந்த நிலங்களில், உவர்ப்பைத் தாங்கும் மரம் என்ற வகையில் அதன் மதிப்பு உயர்ந்தது. வாழ்விழந்த உழவர்க்கு ஒரு வருவாய் வழி என்னும் முறையில் இம்முயற்சி பாராட்டிற்குரியது. அப்பயன் நோனியின் உண்மையான பயன். அதற்குச் சங்கப் பாடலின் துணை வேண்டுவதில்லை.

இன்றைய அறிவியல் நோக்கில்

அழற்சியை உணவால் தணிக்கலாம் என்னும் கருத்து அறிவியலால் முற்றும் புறக்கணிக்கப்பட்டதன்று. 1971இல் ஜான் வேன், உடலில் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதன் மூலம் ஆஸ்பிரின் வலியைத் தணிக்கிறது எனக் கண்டறிந்தார். 1982இல் அவரும் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். புரோஸ்டாகிளாண்டின்கள் கொழுப்பமிலத்திலிருந்து உருவாவன. ஆதலின் உண்ணும் கொழுப்பின் வகை அழற்சியைப் பாதிக்கும் என்னும் கருதுகோள் வலுப்பெற்றது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் முடக்குவாத நோயாளியரின் மூட்டுவலியை ஓரளவு குறைப்பதை ஆய்வுகள் காட்டின. 1991இல் நார்வேயில் முடக்குவாத நோயாளியர் சிலநாள் உண்ணாநோன்பும் அதன்பின் மரக்கறி உணவும் மேற்கொண்டு ஓராண்டளவும் நலம் பெற்றமை பதிவாயிற்று.

மஞ்சளைப் பற்றிய ஆய்வு தமிழர் அடுக்களைக்கு அண்மையது. மஞ்சளில் உள்ள குர்குமின் தனித்து உண்ணும்போது குருதியில் மிகக் குறைவாகவே சேரும். 1998இல் பெங்களூருப் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர், மிளகின் பைப்பெரினோடு சேர்த்து உட்கொண்டபோது குருதியில் அதன் அளவு 20 மடங்கு உயர்ந்ததைக் கண்டனர். எனினும் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே. ஆய்வுகளில் தரப்பெறும் அளவு, குழம்பில் இடும் மஞ்சளின் அளவினும் பன்மடங்கு மிகுதி. சமையலையும் மருந்தையும் ஒன்றாகக் கருதுவதன் வரம்பு இதனால் விளங்கும்.

நோனியைப் பொறுத்தவரை, ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் அழற்சியைத் தணிக்கும் விளைவுகள் பதிவாகியுள்ளன. ஸ்கோபோலெட்டின் முதலிய சேர்மங்கள் அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. மனிதரிடம் நடந்த ஆய்வுகளோ எண்ணிக்கையில் குறைவு, பங்கேற்றோரும் குறைவு. தீங்கும் கருதற்பாலது. நோனிச்சாற்றில் பொட்டாசியம் ஆரஞ்சுச்சாற்றுக்கு நிகராக உள்ளது. சிறுநீரகம் பழுதுற்ற ஒருவர்க்கு அதனால் குருதியில் பொட்டாசியம் மிகுந்தமை 2000இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. 2005இல் ஆஸ்திரியாவில் கல்லீரல் பாதிப்புகள் சில நோனியோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பெற்றன. அடுத்த ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அத்தொடர்பு உறுதிப்படவில்லை என முடிவு செய்தது. நாட்பட்ட மூட்டுவலிக்காக வலிநிவாரணிகளை நெடுங்காலம் உண்டு சிறுநீரகம் நலிந்தோர் உளர் என்பதையும், அவர்களே இத்தகைய சாற்றை நாடுவோர் என்பதையும் சேர்த்து எண்ணினால் இதன் முதன்மை புலப்படும்.

மூட்டுவலிக்கு உணவு வழியில் மிகத் தெளிவான சான்று பெற்றது வேறொன்று. மூட்டுத் தேய்வுடையோரிடம் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, உடல் எடை 1 கிலோ குறையின் முழங்காலின்மீது ஒவ்வோர் அடிக்கும் விழும் சுமை 4 கிலோ குறைவதைக் காட்டியது. இது அளவறிந்து உண்ணல் என்னும் வள்ளுவர் நெறிக்கு மிக அணுக்கமானது. ஆனால் அளவோடு உண்ணுதலைப் புட்டியில் அடைத்து விற்க இயலாது.

தமிழாய்வின் பொறுப்பு

இந்திய நாட்டின் 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம், தன் அட்டவணையில் கூறும் நோய்களைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்தலைத் தடுக்கிறது. அவ்வட்டவணையில் வாதநோயும் உண்டு. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். இலக்கிய மேற்கோளைத் தடுக்க இயலாது. சங்கப் பாடலின் பெயர் விற்பனைத் தாளில் ஏறும்போது அது நோயாளியிடம் அச்சடித்த சான்றிதழாக மாறுகிறது. தாவரப் பெயர்களை உரையாசிரியர் காலத்துப் பொருளோடும் நிகண்டுப் பொருளோடும் நிறுத்திவிட்டு, தாவரவியற் பெயரை அகராதியிலிருந்து எடுத்து ஒட்டும் வழக்கம் தமிழாய்விலும் இருந்துள்ளது. அவ்வாறு ஒட்டப்பெற்ற ஒரு பெயர் பின்னர் வணிகரின் கருவியாவதற்கு ஆய்வாளரும் ஓரளவு பொறுப்பாவர்.

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிக்குங்காலும் பயிற்றுவிக்குங்காலும் மூவகைச் சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்குதல் தேவை. பாடல் காட்டும் திணையும் பருவமும் உறுப்பும் முதலாவது. அவ்வட்டாரத்து மக்கள் அம்மரத்தைப் பயன்படுத்திய முறை இரண்டாவது. உலர்தாவரத் தொகுப்பில் அப்பெயரோடு கிடைக்கும் தாவரம் மூன்றாவது. இம்மூன்றும் ஒத்த இடத்திலேயே பழம்பெயரை இன்றைய தாவரத்தோடு இணைத்தல் தகும்.

முடிவுரை

சங்க இலக்கிய நுணவு வறண்ட உள்நாட்டு மரமாகவும், பூவாலும் மரத்தாலும் அறியப்பட்டதாகவும் தோன்றுகிறது. அந்தமான் கரையின் நோனியோடு அதனை ஒன்றாக்குவதற்குப் போதிய சான்றில்லை.

மருத்துவ மரபில் நுணாவின் வலிதீர் பயன்பாடு பெரும்பான்மையும் புறமருந்தாகும். நாள்தோறும் பழச்சாறு பருகும் முறை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகத்தோடு எழுந்தது.

வாதநோய் உணவு நெறி குறித்துத் தமிழ் மரபு தரும் கொடை, தனியொரு கனியைச் சுட்டுவதில் இல்லை. செரிமானம், அளவு, பத்தியம், பருவம் ஆகியவற்றை ஒருங்கே கருதும் பார்வையில் அது உள்ளது. இப்பார்வை இன்றைய ஆய்வோடும் பல இடங்களில் பொருந்துகிறது.

சென்னைத் துறையிலிருந்து ஹேடோத் துறைக்குக் கப்பல் ஏறிய சொற்களுள் நுணாவும் ஒன்று. அச்சொல் சென்ற வழியில் அதன் பொருள் மாறியது. மாறிய பொருளை மாறியதாகவே பதிவுசெய்வது பெயராய்வின் பணி மட்டுமன்று. தீராத வலியோடு பழைய நூலின் பெயரை நம்பி நிற்கும் நோயாளிக்குத் தமிழாய்வு செய்யத்தக்க கைம்மாறும் அதுவேயாகும்.